ஸ்பீக்கரில் நான் சொன்ன பொய்

அன்புள்ள வாலுவுக்கு,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள், உட்கார்ந்ததற்கு என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன், நான் உட்காரவில்லை, நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். நம் வீட்டுக் குட்டி ஃபிரிட்ஜ் என் நெஞ்சு உயரம்தானே, அதன் தலைமேல் காகிதத்தை வைத்திருக்கிறேன், அது நடுநடுவே உறுமிக்கொண்டு ஆடுவதால் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், சித்திக்கு முப்பத்தைந்து வயதிலேயே கைநடுக்கம் வந்துவிட்டதென்று நினைத்துவிடாதே. மணி ஒன்றே முக்கால். உன் தம்பி இப்போதுதான் பால் குடித்துவிட்டுக் கண்ணை மூடினான், ஒன்றரை மணி நேரம் தாங்குவான். அவனும் உன் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து முறை வைத்துக் குறட்டை விடுகிறார்கள். ஆக இங்கே நாங்கள் மூவரும் நலம், மூவரில் ஒருத்தி மட்டும் நின்றபடி நலம். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுக்குள் இருந்து உதைக்கிற ஆளும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதை ஆரம்பிக்கிறேன், படித்து முடிக்கும்போதும் அப்படியே இருக்க வேண்டும், பயந்துவிடக் கூடாது.

விஷயத்துக்கு வருகிறேன், சுற்றி வளைத்தால் விடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் உன்னிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன். நீ என்ன கேட்டாய், சித்தி உங்களுக்குக் கிழிஞ்சுதா, தையல் போட்டாங்களா, ரொம்ப வலிக்குதா என்று கேட்டாய். நீ தனியாக என்னிடம் கேட்பதாக நினைத்துக் கேட்டாய், பாவம். நீ கல்யாணமாகிப் போனபின் இந்த வீட்டில் தனியாகப் பேசுவது என்பதே ஒழிந்துபோயிற்று. உன் அப்பாவின் கையெல்லாம் கிரீஸ், அதனால் போன் எப்போதும் ஸ்பீக்கரில், கடை மேசையில் ஸ்பேனர் டப்பாவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கும். என் போனாவது இருந்திருக்கலாம், அது குழந்தை குளிக்கிற தொட்டியில் விழுந்து குழந்தைக்கு முன்னாலேயே குளித்துவிட்டது. அப்போது முன்னறைக் கடையில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா, பஞ்சர் ஒட்ட வந்த ஸ்கூல் வேன் டிரைவர், சங்கிலி மாட்ட வந்த இரண்டு காலேஜ் பையன்கள், எதற்கு வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாத ஒரு பெரியவர். நீ கிழிஞ்சுதா என்று கேட்டதும் காற்றடித்துக்கொண்டிருந்த காலேஜ் பையன் பம்பை நிறுத்திவிட்டான். அத்தனை பேரும் போனைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்வேன், சீச்சீ அதெல்லாம் ஒண்ணுமே இல்லடி, தும்மல் வர்ற மாதிரி வந்துட்டான், எறும்பு கடிச்ச அளவுகூட இல்ல என்று வாய்க்கு வந்ததை அள்ளிவிட்டேன். வேன் டிரைவர் சபாஷ் என்பதுபோலத் தலையாட்டினார். நீ நிம்மதியாக மூச்சுவிட்டாய் பார், அதுதான் என் கழுத்தைப் பிடித்தது. அப்பாடா சித்தி, அப்ப ஆஸ்பத்திரியில பிரசவ வகுப்புன்னு ஒண்ணு நடத்துறாங்க, அதுக்கு நான் பேர் கொடுக்கல, உங்களுக்கே ஒண்ணுமில்லன்னா எனக்கென்ன என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய்.

வாலு, எனக்குக் கிழிந்தது. தையல் போட்டார்கள். வலித்தது. இதை எழுதிவிட்டேன், இனி மூச்சு வருகிறது.

உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், நீ மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்காதே, அல்லது வைத்துக்கொண்டே படி, அவரும் தெரிந்துகொள்ளட்டும், உன் அப்பா செய்ததை அவர் செய்யாமல் இருப்பார். பிரசவ அறைக்குள் உன் அப்பாவையும் விட்டார்கள். பச்சை அங்கியை முன்பின்னாக மாட்டிக்கொண்டு தலைமாட்டில் நின்றார். அங்கே ஒரு நர்ஸ் அக்கா, கறாரென்றால் அப்படிக் கறார், நான் மனசுக்குள் கறார் அக்கா என்றே பேர் வைத்துவிட்டேன். ஒன்பது மணி நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. தலை தெரிகிற நேரத்தில் அக்கா என்னிடம், இப்ப முக்கக் கூடாது, மெழுகுவத்தியை அணைக்கிற மாதிரி ஃபூ ஃபூன்னு ஊது, தலை மெதுவா வரட்டும் என்றார். நான் ஊதத்தான் வாயைக் குவித்தேன். அந்த நேரம் பார்த்து உன் அப்பா, முப்பது வருஷமாக நின்றுபோன வண்டிகளைத் தள்ளிவிட்டுப் பழகிய மனிதர், தள்ளு தள்ளு விடாத, ஸ்டார்ட் ஆகப்போகுது, இன்னும் ஒரே தள்ளு என்று என் காதுக்குள் கத்தினார். பதினொரு வருஷமாக அவர் அந்தக் குரலில் கத்தினால் நான் கடையிலிருந்து ஓடிப்போய் வண்டியின் பின்னால் கைவைப்பேன் அல்லவா, உடம்பு அதைத்தான் செய்தது, புத்தியைக் கேட்கவில்லை. தள்ளிவிட்டேன். உன் தம்பி மூன்று கிலோ எண்ணூறு கிராம், அதிலும் ஒரு கையைக் கன்னத்தில் வைத்து யோசித்தபடி வந்தான், ஒரே தள்ளில் வந்துவிட்டான். கறார் அக்கா உன் அப்பாவைப் பார்த்த பார்வையில் அவர் இரண்டு இஞ்ச் குட்டையாகிவிட்டார். ஐயா, இது உங்க ஸ்கூட்டரா என்று மட்டும் கேட்டார்.

பிறப்புவாசலுக்கும் பின்வாசலுக்கும் நடுவே இருக்கிற இடம்தான் கிழிந்தது. புள்ளியியலில் முதுகலை வரை படித்தேன், அந்த இடத்துக்கு வாயில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு பேர் எனக்குத் தெரியாது பார், அந்த இடம் அந்த இடம் என்றே நாங்கள் எல்லாரும் பேசிக்கொண்டோம். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு இரண்டாம் நிலை என்றார். முதல் நிலை என்றால் தோல் மட்டும், இரண்டாவது தோலும் அதன் அடியில் இருக்கிற தசையும், மூன்றும் நான்கும் பின்வாசல் தசை வரை போவது, அது அபூர்வம். நான் அப்போதும் எத்தனை பேருக்கு வரும் என்று சதவீதம் கேட்டேன், முதல் பிரசவத்தில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்குச் சின்னதாகவோ பெரிதாகவோ ஏதோ ஒன்று கிழியத்தான் செய்யும், பெரும்பாலும் சின்னதுதான், தானாகவே ஆறிவிடும் என்றார். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத் தைத்தார்கள், தைக்கும்போது இழுப்பது தெரிந்தது, வலி தெரியவில்லை. எத்தனை தையல் என்று கேட்டேன், ஒரே நூல்தாம்மா ஓட்டமாப் போகுது, எண்ண முடியாது என்று சொல்லிவிட்டார், எனக்கு ஏமாற்றமாகப் போயிற்று. நூல் தானாகவே கரைந்துவிடும் என்றதும் உன் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை, கரைஞ்சா அப்புறம் எப்படிங்க பிடிக்கும் என்று ஆரம்பித்தார். அதோடு விட்டாரா, நாங்கல்லாம் ட்யூபு ஒட்டும்போது ஓரத்தை நல்லாச் சுரண்டிட்டுத்தாங்க ஒட்டுவோம், அப்பத்தான் நிக்கும் என்று டாக்டரம்மாவுக்கு யோசனை சொன்னார். அவர் ஊசியை அந்தரத்தில் நிறுத்திவிட்டுக் கறார் அக்காவைப் பார்த்தார், அக்கா உன் அப்பாவின் தோளைப் பிடித்துத் திருப்பி வராந்தாவில் விட்டு வந்தார். மரத்துப்போயிருந்தாலும் சிரிப்பு வந்தால் அங்கேதான் குலுங்கும் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கூத்து. முதல் மூன்று நாள் சிறுநீர் போனால் மிளகாய் தடவின மாதிரி எரிந்தது, அதற்கு அக்கா ஒரு வழி சொல்லியிருந்தார், போகும்போதே ஒரு ஜக்கில் வெதுவெதுப்பான தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றிக்கொண்டே போக வேண்டும், நீ மறக்காமல் ஒரு ஜக் வாங்கி வைத்துக்கொள், கைப்பிடி பெரிதாக இருக்கட்டும். நாலாம் நாள்தான் பெரிய பரீட்சை. மலம் போக வேண்டும், எனக்கோ முக்கினால் எல்லாம் பிரிந்து கையோடு வந்துவிடும் என்று பயம். கவிழ்த்த பெட்டிமேல் காலைத் தூக்கி வைத்து, சுத்தமான துணியால் முன்பக்கம் தாங்கிப் பிடித்து, அக்கா சொன்னபடி வாயைத் திறந்து மெதுவாக மூச்சை விட்டு உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு வெளியே உன் அப்பா இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆச்சா, ஆச்சா என்றார். ஆனது. ஒன்றும் பிரியவில்லை. ஆயிடுச்சு என்று நான் சொன்னதும் அந்த மனிதர் சந்தோஷத்தில் கடைக்கு ஓடிப்போய் ஒரு சைக்கிள் மணியை அடி அடி என்று அடித்தார், யாரோ என்ன விசேஷம் என்று கேட்டார்கள், நல்லவேளை, பதில் எனக்குக் கேட்கவில்லை.

ஆறாம் நாள் நான் உட்கார முடியாமல் தவிப்பதைப் பார்த்துவிட்டு அவரே ஒரு ஆசனம் தயாரித்தார். ஸ்கூட்டர் ட்யூபை எடுத்து, என் பழைய நைட்டியைக் கிழித்து உறை போட்டு, நடுவில் ஓட்டையாக இருக்கும், அந்த இடம் எதிலும் படாது என்று விளக்கினார். யோசனை நல்லதுதான், காற்றடித்ததில்தான் தவறு. அதைக் கையால் அடிக்காமல் கம்ப்ரஸரில் வைத்து, இரண்டு பேர் உட்கார்ந்து போகிற வண்டிக்கு அடிக்கிற அளவு அடித்துவிட்டார், கசிகிறதா என்று பக்கெட் தண்ணீரில் முக்கியும் பார்த்தார். முதலில் வேன் டிரைவர்தான் உட்கார்ந்து பார்த்தாராம், நாள் முழுக்க சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு மூலமாம், அண்ணே சொர்க்கம்ணே, எனக்கும் ஒண்ணு போடுங்க என்று சொல்லிவிட்டாராம். நான் உட்கார்ந்தேன். அது என்னை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு பக்கம் அமுக்கினால் மறு பக்கம் எழும்பி, நான் குழந்தையோடு சோபாவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்ச் சேர்ந்தேன், போகிற வழியில் வால்வு குத்தியது, எங்கே என்று எழுதமாட்டேன்.

இப்போது சிரிக்காமல் கேள், இதற்கு அப்புறம் நடந்ததுதான் நான் உண்மையில் சொல்ல வந்தது. எட்டாம் நாள் ஒரு தும்மல் வந்தது. உன்னிடம் சொன்ன தும்மல் இல்லை, நிஜத் தும்மல். தும்மியதும் அங்கே சுளீர் என்றது. பிரிந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கடையில் கழற்றிப் போட்டிருந்த ஒரு ஸ்கூட்டர் கண்ணாடியை முந்தானைக்குள் மறைத்து எடுத்துவந்து, கதவைத் தாழிட்டு, பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. வீங்கி, சிவந்து, நூல் முனை ஒன்று துருத்திக்கொண்டு, இது என் உடம்பா என்று அழுதுவிட்டேன். கண்ணாடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவித்தான் திருப்பி வைத்தேன், சத்தியமாக, ஆனால் நான் ஒன்றும் சொல்வதற்குள் உன் அப்பா அதை யாருடைய வண்டியிலோ மாட்டி அனுப்பிவிட்டார். அதிலிருந்து ஞாயிறு வரை மூன்று நாள் உள்ளுக்குள் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம்தான், போய் என்னவென்று சொல்வது, தும்மினேன் என்றா, உன் அப்பா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என்ன ஆச்சு என்ன ஆச்சு என்பார், கடையே திரும்பிப் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாயே, ஒண்ணுமே இல்லடி என்று நான் சொன்னேனே, அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் பிரிந்துவிட்டது என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அதை வைத்துக்கொண்டுதான் சிரித்தேன்.

திங்கட்கிழமை மனசு கேட்காமல் உன் அப்பாவின் போனில், வகுப்புக்குப் பேர் கொடு என்று உனக்குச் செய்தி அனுப்பச் சொன்னேன். நீ பதிலுக்கு ஒரு சிரிக்கிற மூஞ்சியைப் போட்டு, அதான் தும்மல் மாதிரின்னீங்களே சித்தி என்று அனுப்பியிருந்தாய், அவர் அதைக் கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்துக் காட்டினார். அந்த மூஞ்சி என்னைத் தூங்கவிடவில்லை. என் வார்த்தையை நீ அப்படியே எடுத்து வயிற்றோடு கட்டிக்கொண்டிருக்கிறாய் என்று புரிந்தது. இன்று காலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு, உன் அப்பாவிடம் வழக்கமான பரிசோதனை என்று சொல்லிவிட்டு, நேரே கறார் அக்காவிடம் போய்விட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், கண்ணாடியைக்கூடச் சொன்னேன். அவர் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, ஒண்ணும் பிரியல, அழகா ஆறிட்டு வருது, அந்த நூல் முனை கரையுறதுக்கு முன்னாடி அப்படித்தான் நீட்டிக்கிட்டு நிக்கும் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் விழுந்தது திட்டு. அஞ்சு நாளா வெட்கப்பட்டுக்கிட்டு உக்காந்திருந்தியா, உனக்குத்தான் உக்காரவே முடியாதே, எங்க உக்காந்து வெட்கப்பட்டே என்றார். இது பிரியல, சரி, பிரிஞ்சிருந்தா, சீழ் வச்சிருந்தா அந்த அஞ்சு நாளுக்கு யாரு பொறுப்பு, காய்ச்சல் வந்தாலோ, நாத்தம் அடிச்சாலோ, வலி குறையாம ஏறிக்கிட்டே போனாலோ, காத்தையோ மலத்தையோ அடக்க முடியலன்னாலோ அன்னிக்கே வரணும், வெட்கத்தை வீட்டு வாசல்ல கழட்டிப் போட்டுட்டு வரணும் என்றார். அதை நான் அப்படியே உனக்காக இங்கே எழுதியிருக்கிறேன், அடிக்கோடு போட்டுக்கொள். ட்யூபைப் பற்றியும் சொன்னேன், வளையத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்தால் தையலுக்கு இழுப்பு வரும், மெத்தென்ற தலையணை போதும், பால் கொடுக்கும்போது ஒருக்களித்துப் படு என்றார். ட்யூப் இப்போது ஸ்கூல் வேனில் ஓட்டுநர் இருக்கையில் இருக்கிறது, அவருக்கும் அது நல்லதா என்று அக்காவிடம் கேட்க மறந்துவிட்டேன்.

உன்னைப் பற்றியும் கேட்டேன். என் பொண்ணுக்கு முப்பத்துமூணாவது வாரம், பயப்படாதேன்னு பொய் சொல்லி வச்சிருக்கேன் என்றேன். அவர் முதல் தடவையாகக் கறாரைக் குறைத்துக்கொண்டு பேசினார். முப்பத்துநான்கு, முப்பத்தைந்தாவது வாரத்திலிருந்து எண்ணெய் தொட்டு அந்த இடத்தை மெதுவாக நீவிக்கொடுத்தால் முதல் பிரசவக்காரிகளுக்குக் கிழிவது குறைகிறதாம், எப்படி நீவுவது என்று அந்த வகுப்பில்தான் காட்டித் தருவார்களாம். தலை வரும்போது வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அங்கே வைக்கச் சொல்லி முன்கூட்டியே நாம் கேட்கலாமாம், மல்லாந்தே படுக்க வேண்டுமென்று கட்டாயமில்லையாம், ஒருக்களித்தும் பெறலாமாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊது என்று சொல்லும்போது ஊத வேண்டும், யார் கத்தினாலும் தள்ளக் கூடாது. இதெல்லாம் செய்தாலும் கிழியலாம், உத்தரவாதம் கிடையாது, ஆனால் தெரிந்துகொண்டு போகிறவளுக்குப் பயம் பாதி என்றார். உன் வகுப்பு அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை ஆரம்பிக்கிறது என்று சொன்னாய். இந்தக் கடிதம் வந்து சேர ஒரு வாரம் ஆகும். கணக்கு போட்டுப் பார்த்துவிட்டேன், நாளைக் காலை முதல் தபால் எடுப்பதற்குள் பெட்டியில் போட்டால் உனக்கு மூன்று நாள் மிச்சம் இருக்கும். அதனால்தான் நின்றுகொண்டாவது இன்றே எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் இந்த வீட்டுக்கு வந்து மூன்றாவது வாரம், உனக்குப் பதிமூன்று வயது, பள்ளிக்கூடத்திலிருந்து பாவாடையில் கறையோடு வந்து கதவுக்குப் பின்னால் நின்றாய். எனக்கே இருபத்துநாலு வயது, உன்னை எப்படிக் கூப்பிடுவது என்றுகூடத் தெரியாது. ஒண்ணுமில்ல, எல்லாருக்கும் வர்றதுதான் என்று சொல்லிக் கையில் துணியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்கு ஓடிவிட்டேன். நீ உள்ளே தனியாக என்ன என்ன நினைத்துப் பயந்தாய் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதே இல்லை. எல்லாம் தெரிந்த சித்தியாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான், தெரியாது என்று சொல்ல வெட்கம். ஞாயிற்றுக்கிழமை சொன்ன பொய்க்கு வேன் டிரைவர்மேல் பழியைப் போட்டேன், ஆனால் கடை காலியாக இருந்திருந்தாலும் நான் ஒண்ணுமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன் என்று இன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது தோன்றிற்று. உன்னிடம் இரண்டு தடவை ஒண்ணுமில்லை என்று சொல்லிவிட்டேன். இனி சொல்லமாட்டேன். உனக்கு என்ன கேட்க வேண்டுமோ கேள், கூச்சமான கேள்வி, அசிங்கமான கேள்வி, முட்டாள்தனமான கேள்வி எதுவானாலும் காகிதத்தில் எழுதிக் கேள், தெரிந்தால் சொல்கிறேன், தெரியாவிட்டால் கறார் அக்காவிடம் திட்டு வாங்கிக் கேட்டுச் சொல்கிறேன்.

உன் தம்பி நெளிய ஆரம்பித்துவிட்டான், உன் பிள்ளைக்கு இரண்டு மாதமே மூத்த மாமா, இப்போதே என்ன அதிகாரம். நிறையத் தண்ணீர் குடி, மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள், இரும்பு மாத்திரையை வாசனை பிடிக்கவில்லை என்று ஜன்னல் வழியாக வீசாதே, மாப்பிள்ளை அவர் போனில் உன் அப்பாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டார். உனக்கு நல்லபடியாகப் பிரசவமாகி, நீயும் குழந்தையும் முழுசாக எழுந்து வர வேண்டும், தையல் விழுந்தாலும் சரி, விழாவிட்டாலும் சரி, சீக்கிரம் ஆறி, சிரித்துக்கொண்டு உட்கார வேண்டும். உனக்கும் வயிற்றில் இருப்பதற்கும் என் ஆசீர்வாதம், அப்பாவின் ஆசீர்வாதம், தம்பியின் உதை. பேர் கொடுத்தாயா இல்லையா என்று ஒரே ஒரு வரி போதும், போன் வேண்டாம், என் பேருக்குக் கடிதமாகப் போடு. தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுது.

இப்படிக்கு,
நின்றபடி உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்
உன் சித்தி